வெயில் விழும் காணி

ஜெர்மனியின் எசன் நகரத்தில் கதிர்காமநாதனைத் தெரியாத தமிழர் குறைவு. காசுக்காரர் என்றோ படித்தவர் என்றோ அல்ல, கடிதம் எழுதுகிறவர் என்றுதான் தெரியும். எண்பத்தைந்தாம் ஆண்டு கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, கிழக்கிலிருந்து மேற்குக்கு ரயிலேறி, கடைசியில் ரூர் ஆற்றுப் பக்கத்து அகதி முகாம் ஒன்றில் கொண்டுவந்து விடப்பட்ட கூட்டத்தில் முதன்முதலாக நாலு வரி ஜெர்மன் எழுதப் பழகியது இந்த மனிசன்தான். பிறகு சும்மா விடுவார்களா? ஒருவனுக்கு விசா நீட்ட வேண்டும், ஒருவனுக்குப் பல்லுக்கொதி, வைத்தியரிடம் போகக் கடிதம் வேண்டும், இன்னொருவனுக்குப் பக்கத்து நகரத்தில் இருக்கிற மைத்துனனைப் போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். எல்லாரும் இவருடைய கட்டில் காலடியில் வந்து குந்துவார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தத் தாளை எடுத்தாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடாமல் பேனை நகராது. தன்னுடைய அகதி விண்ணப்பத்திலும் போட்டார். கந்தோரில் இருந்த பெண் அந்தச் சுழியை இரண்டாம் இலக்கம் என்று நினைத்து, "இது இரண்டாம் பக்கம், முதலாம் பக்கம் எங்கே?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஆனந்தராசா, தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "முதலாம் பக்கத்தை ஊரிலே விட்டுவிட்டு வந்துவிட்டோம்" என்றார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நாற்பது வருடமாகக் கலியாண வீடு, செத்த வீடு என்று எங்கே ஆட்கள் கூடினாலும் இந்தக் கதை ஒருமுறை வெளியே வரும்.

ஆனந்தராசாவும் அவரும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். முகாமில் ஒரே அறை. இருவருக்கும் சேர்த்து ஒரு குளிர்ச்சட்டைதான் இருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லாத காலம் அது. களவாக உணவகங்களில் ரோசாப்பூ விற்கப் போவார்கள். சட்டை போட்டவன் பூ விற்கப் போனால் மற்றவன் அறையில் இருந்து சமைப்பான், அடுத்த நாள் மாறும். விற்காத பூவை ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டு வைப்பார்கள். ரோசா வாசமும் வறுத்த மிளகாய் நெடியும் சேர்ந்த அந்த அறையை நினைத்தால் கதிர்காமநாதனுக்கு இப்போதும் நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். ஒரு முட்டையை நூல் போட்டு இரண்டாக அறுத்துத் தின்ற நாட்கள்! ஆர் பெரிய பாதியை எடுத்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது அறுபத்தைந்து வயதில், நாலு அறை வீட்டில், குளிர்சாதனப் பெட்டி நிறைய முட்டையோடு இருந்துகொண்டு அந்த அரை முட்டைக்கு ஏங்குகிறார் மனிசன். விசர் இல்லாமல் வேறென்ன?

சரி, காணிக் கதைக்கு வருவோம்.

இந்த நாட்டில் நகரத்துச் சனத்துக்குத் தோட்டம் செய்யத் துண்டு துண்டாகக் காணி குத்தகைக்குக் கொடுக்கிற சங்கங்கள் உண்டு. பிள்ளைகள் வளர்ந்த பிறகு இந்த இரண்டு சிநேகிதரும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு துண்டு எடுத்தார்கள். இடையில் இடுப்பளவு வேலி. எது ஆருக்கு என்று சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தது. கதிர்காமநாதன் தன் கையாலேயே எடுத்த சீட்டு, ஆரையும் நோவதற்கில்லை. அவருடைய துண்டுக்குத் தெற்கே இரண்டு பெரிய மரம். மத்தியானம் திரும்பினால் நிழல்தான். ஆனந்தராசாவின் துண்டிலோ விடிந்தது முதல் பொழுதுபடும் வரை வெயில்.

அந்த வெயிலில் ஆனந்தராசாவின் மனைவி மங்கையற்கரசி வளர்த்த பயத்தங்காய் முழங்கை நீளம் வந்தது. புடோல், கத்தரி, பாகல், எல்லாம் கொட்டியது. அதில் பாதியைப் பையில் போட்டு ஆனந்தராசா இவருடைய வீட்டுக் கதவில் கொழுவிவிட்டுப் போவார். கேட்டு வாங்கியது இல்லை, கொண்டுவந்து கொழுவியது. கோபம் அங்கேதான் தொடங்கியது. தருகிறவனாக இருக்க வேண்டிய நான் எடுக்கிறவனாகிப் போனேனே என்று இவருக்குக் குடைந்தது. பட்டினி கிடந்த காலத்தில் எட்டிப் பார்க்காத பேராசை வயிறு நிறைந்த பிறகு வந்து சம்மணம் போட்டுக் குந்தியது.

ஒரே ஆளுக்கு இரண்டு துண்டு கொடுக்கச் சங்கம் சம்மதியாது. ஆகவே மனைவி சுந்தரேஸ்வரியின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்தார். அவவுக்கு அவர் சொன்ன காரணம், பேரப்பிள்ளைகளுக்கு உதவும் என்பது. இரண்டு வருடத்தில் அந்தப் பெயர் பட்டியலின் தலைக்கு வந்தது. இனி ஆராவது ஒருவர் விட்டுப் போனால் போதும்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு வசந்த காலம். ஆனந்தராசா முழங்கால் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கதிர்காமநாதன் காலைத் தேநீரைக் குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருந்து, கையெழுத்துத் தெரியாதபடி அச்செழுத்தில், பெயர் போடாமல் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆனந்தராசாவின் துண்டில் உள்ள குடிலோடு சேர்த்து விதியை மீறிச் சாய்ப்புக் கூரை போட்டுப் பத்தி இறக்கியிருக்கிறார்கள், உள்ளே காஸ் அடுப்பு இருக்கிறது, கோடையில் படுத்தும் எழும்புகிறார்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று பிறகு தன்னைத் தானே எத்தனையோ தரம் தேற்றிக்கொண்டார். பொய்யில்லைதான். அந்தப் பத்தியைப் போட்டபோது மறுபக்கம் நின்று பலகை பிடித்தது ஆர்? இதே கதிர்காமநாதன்!

சங்கத்திலிருந்து இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். ஒன்றரை மாதத்துக்குள் பத்தியைக் கழற்ற வேண்டும், அல்லது துண்டைத் திருப்பித் தர வேண்டும் என்றது கடிதம். ஊன்றுகோலில் நிற்கிற மனிசன் எதைக் கழற்றுவது? பத்துப் பேரைக் கூட்டி ஒரே நாளில் கழற்றிக் கொடுத்திருக்கலாம், கதிர்காமநாதன் வாய் திறக்கவில்லை. ஆனந்தராசாவும் ஒரு மறுப்புக் கடிதம்கூட எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. "விடடாப்பா, எனக்கும் ஏலாது" என்று குடில் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் அந்தத் திறப்பு சுந்தரேஸ்வரியின் பெயருக்கு வந்தது. மங்கையற்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிறத்தியாரிட்டைப் போகாமல் உங்களிட்டை வந்ததே கதிரண்ணை, அது போதும்" என்றா.

அன்றைக்கு நிலம் பிளந்து விழுங்கியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நிலம் எங்கே பிளந்தது? நன்றாக விளைந்தது.

நாலு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் கதிர்காமநாதன் பை நிறையக் காய்கறியோடு அந்த வீட்டு மாடிப்படி ஏறினார். ஆசைப்பட்டபடியே தருகிறவராகிவிட்டார். ஆனந்தராசா தேநீர் தருவார், காலநிலை கதைப்பார், ஆனால் தோட்டப் பக்கம் வரமாட்டார். "முழங்கால்" என்பார். கடைக்குப் போகிற, கோயிலுக்குப் போகிற முழங்கால் தோட்டத்துக்கு மட்டும் ஏலாமல் போனதைக் கதிர்காமநாதன் யோசிக்காமல் இல்லை. இரண்டு துண்டுக்கும் நடுவில் தனியே நின்று தண்ணீர் விடும்போது வேலிக்கு மேலால் ஒருவரும் "டேய், காணும், வேரழுகப் போகுது" என்று கத்துவதில்லை. அந்தக் குரல் இல்லாத தோட்டம் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

போன மாதம் மகள் கிருசாந்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். ஒரு பழைய அமெரிக்க நாவலைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைத் தகப்பனின் சாப்பாட்டு மேசையில் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன கதை பிள்ளை?" என்று சும்மா கேட்டார்.

"பேராசைக் கதை அப்பா. ரெண்டு பேர் சேந்து மரம் அரியிற ஆலை வைச்சிருக்கினம். ஒருத்தன் மற்றவனை ஏமாத்தி, காடு முழுக்கத் தன்ர பேருக்கு எடுக்கிறான்."

"பேந்து? பிடிபடுறானோ?"

"இல்லை. சாகுமட்டும் ஆருக்கும் தெரியாது. அவனுக்கு என்ன தண்டனை கிடைச்சது எண்டதுதான் கேள்வி. இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறதைப் பாருங்கோ, தண்டனை ஒண்டும் இல்லை, காடுதான் கிடைச்சது எண்டு." கிருசாந்தி சிரித்தாள்.

"சரியாத்தானே எழுதியிருக்கு."

"எங்க அப்பா சரி? கூட்டாளி அவனை நல்லவன் எண்டு நம்பிக்கொண்டே இருக்கிறான். அந்த நம்பிக்கைக்கு முன்னால ஒவ்வொரு நாளும் போய் இருந்து தேத்தண்ணி குடிக்க வேணுமே. வேற தண்டனை என்னத்துக்கு?"

கதிர்காமநாதன் எழும்பிப் போய்க் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். முகம் கழுவவில்லை. சும்மா நின்றார். ஆனந்தராசா இல்லாமல் செத்துப்போய்விடுவேனோ என்ற பயம் முதன்முறையாக வந்தது. சொல்லிவிட்டால் பழைய ஆனந்தராசா கிடைப்பார், "பேயா" என்று பேசுவார், அடித்தாலும் அடிப்பார், பிறகு எல்லாம் சரியாகும் என்று கணக்குப் போட்டார். முகாமில் எத்தனை சண்டை பிடித்தார்கள், எது மூன்று நாள் தாண்டியது?

சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. புதன்கிழமையே போனார். மங்கையற்கரசி மகள் வீட்டுக்குப் போயிருந்தா. ஆனந்தராசா தனியே இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்தக் கடிதம்..." கதிர்காமநாதன் நின்றபடியே தொடங்கினார். "சங்கத்துக்குப் போனது... அது நான்தானடா எழுதினது."

ஆனந்தராசா பத்திரிகையை மடித்து வைத்தார். எழும்பி, அலுமாரி லாச்சியை இழுத்து, ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் கடிதத்தின் பிரதி. அச்செழுத்து, பெயர் இல்லை. உச்சியில், கை தன் பாட்டில் போட்ட பிள்ளையார் சுழி.

"சங்கத் தலைவர் தந்தவர்" என்றார் ஆனந்தராசா. "இது என்ன இலக்கம் எண்டு கேட்டவர். ரெண்டாம் பக்கமாக்கும், முதலாம் பக்கத்தைக் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தன்."

கதிர்காமநாதன் கதிரையில் இருந்துவிட்டார். "அப்ப தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும்..."

"முதல் வருஷம் நீ பையோட வாற ஒவ்வொரு சனியும் இண்டைக்குச் சொல்லுவாய், இண்டைக்குச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீ பயத்தங்காயைப் பற்றிக் கதைச்சுப்போட்டுப் போனாய். ஏன்டா, ஒரு சொல் கேட்டிருந்தால் வேலியைப் புடுங்கிப்போட்டு ரெண்டையும் ஒண்டாச் செய்திருக்கலாமே? எங்களுக்குள்ள என்னடா உன்ர, என்ர?"

"காணியைத் திருப்பித் தாறன் மச்சான். நாளைக்கே எழுதித் தாறன்."

"ஆருக்கடா வேணும் காணி?" ஆனந்தராசா அந்தத் தாளைத் திரும்ப லாச்சிக்குள் போட்டார். "பேந்து பேந்து நானே எனக்குச் சொல்லிக்கொண்டன். எசனில சுழி போட்டு எழுதுற தமிழன் அவன் ஒருத்தனோ, வேற ஆரும் எரிச்சலில எழுதியிருப்பாங்கள் எண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு அப்பிடியும் இருக்கலாம்தானே? அந்த ஒரு பங்கைப் பிடிச்சுக்கொண்டுதான் உனக்குத் தேத்தண்ணி ஊத்தினனான். இண்டைக்கு வந்து அதையும் எடுத்துக்கொண்டு போறாய்."

கதிர்காமநாதன் அழுதார். அறுபத்தைந்து வயது மனிசன், பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். ஆனந்தராசா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மங்கை வரப்போறா, முகத்தைத் துடை" என்று மட்டும் சொன்னார்.

கதிர்காமநாதன் வீடு வரும் வழியெல்லாம் மூன்று நாள், மூன்று நாள் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நல்ல பிஞ்சுக் கத்தரியும் பயத்தங்காயுமாகத் தெரிந்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். மணி அடித்தார். மங்கையற்கரசி கதவைப் பாதி திறந்தா. வழக்கமாக "வாங்கோ கதிரண்ணை" என்பது வாசல் மணிக்கு முன்னமே கேட்கும். அன்று கேட்கவில்லை. அவவுடைய கண் சிவந்து வீங்கியிருந்தது.

"இவர் இல்லை" என்றா. "நடக்கவெண்டு வெளியில போட்டார்."

"எப்ப வருவான் தங்கச்சி?"

"தெரியாது."

பையை நீட்டினார். அவ கை நீட்டவில்லை. "கொண்டுபோங்கோ அண்ணை. நாங்கள் ரெண்டு பேர்தானே, எங்களுக்கு என்னத்துக்கு" என்று மெல்லக் கதவைச் சாத்தினா.

கதிர்காமநாதன் குனிந்தார். ஆனந்தராசாவின் சப்பாத்து வாசல் கால்மிதியில் கிடந்தது. பக்கத்தில் ஊன்றுகோல் சுவரில் சாய்ந்து நின்றது.