டீ கொண்டுபோனவர்

அரியலூர்ப் பக்கம் ஒரு கோர்ட் வராண்டாவில் அவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆண்டிமடத்துக்காரர். டவாலி யார் பெயரைக் கூப்பிட்டாலும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். பிறகு கழற்றிவிட்டு உட்காருவார்.

உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு டீ கொண்டுபோனவராம். முடிவைச் சொன்னதும் தகராறு. இரண்டு கட்சிக்காரர்களும் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். கேஸ் மட்டும் தோற்றவர்கள் மேல். அந்தப் பக்கம் நின்றிருந்ததால் இவர் மேலும்.

"அப்புறம் ஆட்சி மாறிடுச்சுங்க. கட்சி லெட்டர் வச்சிருந்தவங்க கேஸையெல்லாம் வாபஸ் வாங்கிட்டாங்க. எனக்கு யாரு சார் லெட்டர் குடுப்பா? இப்ப நான் ஒருத்தன்தான் வந்துட்டுப் போறேன்."

பக்கத்தில் உட்கார்ந்ததுமே நானும் அவரிடம் முதலில் கேட்டது, "நீங்க எந்தக் கட்சி?" என்றுதான்.