வாழையிலைப் பச்சையில் ஒரு வெள்ளைக்காரக் கார்

இங்கிலாந்தில் நான் இருக்கும் இந்த ஊரில் பழைய காரை விற்கிறவர்கள் முன்கண்ணாடியில் ஓர் அட்டையைச் செருகி வைக்கிறார்கள். மேலே கார் எந்த வருடத்தது, என்ன விலை என்று இருக்கும். கீழே, அந்தக் காரில் என்னென்ன குறை என்று விற்கிறவரே தன் கைப்பட எழுதியிருப்பார். இரண்டாவது கியர் கரகரக்கும். மழை பெய்தால் இடது கதவுப் பக்கம் ஒழுகும். டிக்கிக்கு அடியில் துரு. முதல்முறை பார்த்தபோது, காரை விற்க வந்தவருக்கு வேண்டாத யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நல்ல எண்ணத்தில் அவரிடமே போய்ச் சொல்லவும் செய்தேன். அவர் அட்டையை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

கோடைக்கால ஞாயிறுகளில் இங்கே ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் பழைய கார்கள் வந்து வரிசையாக நிற்கும். பெரும்பாலும் இரண்டே பேர் உட்காரும் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்கள். பானட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க்கில் டீயோடு உரிமையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விற்க வந்தவர்களும் உண்டு, சும்மா காட்ட வந்தவர்களும் உண்டு. நான் இந்த ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். மனைவி தேனிக்காரி, நர்ஸ். அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவன் நான். வாரமெல்லாம் வண்டி ஓட்டியவன் விடுமுறையிலும் வண்டி பார்க்கத்தான் போகிறான் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கும் தெரியும், நான் போனது வண்டி பார்க்க அல்ல, அண்ணனுக்காக என்று.

அண்ணன் கம்பத்தில் ஜீப் வைத்திருக்கிறார். விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறி, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவரும் ஜீப்புகள். நானும் இங்கே வரும்வரை அதில் ஒன்றை ஓட்டியவன்தான். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே ரோட்டில் ஓட்டிய இரண்டு பேருக்கு, நான் வந்த பிறகு போனில் பேச எதுவுமே இல்லாமல் போய்விட்டது. "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேண்ணே." "மழையா?" "மழைதான்." அதோடு சரி. "இந்தா, அண்ணிட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிடுவார். அண்ணி நன்றாகப் பேசுவார். ஆனால் நான் கூப்பிட்டது அண்ணனை. புலம்பெயர்ந்த ஆண்கள் நிறையப் பேருக்கு இது தெரிந்திருக்கும். நம் வீட்டு ஆண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருக்கத் தெரியும். போனில் சும்மா இருக்க முடியாது.

அந்த நிலைமையில்தான் கார் வந்தது. குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஆள் இறக்கப் போன அண்ணன், இடிந்த கொட்டகை ஒன்றுக்குள் அதைப் பார்த்திருக்கிறார். எந்தக் காலத்திலோ அங்கே இருந்த துரை விட்டுவிட்டுப் போன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சக்கரம் நாலும் மண்ணில் புதைந்து, சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். எஸ்டேட்காரர்கள் பழைய இரும்புக்குப் போட இருந்ததை அண்ணன் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக் கம்பத்துக்குக் கொண்டுவந்தார். பேப்பர்களைச் சரி செய்ய ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது தனிக் கதை. அன்றைக்கு அவராகவே எனக்குப் போன் செய்தார். "ஏலே, ஒன் ஊர்க்காரன் ஒருத்தன் இங்கன வந்து கெடக்கான். இவனுக்குச் சாமான் அங்கன கெடைக்குமா?"

கிடைத்தது. இந்தப் புல்வெளியின் ஓரத்தில் கீத் என்ற கிழவர் கித்தானை விரித்துப் பழைய பாகங்களை விற்பார். கார்புரேட்டர், கேஸ்கட், கதவு ரப்பர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. ஒவ்வொரு பாகத்துக்கும் அண்ணன் போனில் அளவு சொல்வார், நான் கீத்திடம் சொல்வேன், கீத் ஒன்றை எடுத்து நீட்டுவார், நான் படம் எடுத்து அனுப்புவேன். "அது இல்லலே, அதுக்குக் காது இந்தப் பக்கம் இருக்கும்." பேசப் பேச டீ ஆறிப்போகும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது என் பெட்டியில் சாக்லெட்டைவிட இரும்பு அதிகமாக இருக்கும். மதுரை விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் கார்புரேட்டரைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா சார் சீமையில இருந்து சுமந்துட்டு வருவாக?" என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். விட்டுவிட்டார்.

கீத்துக்கும் அந்தக் கார் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஒரு நாள், "எப்போது அவளை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறாய்?" என்று கேட்டார். இங்கே காரைப் பெண்ணாகத்தான் சொல்வார்கள். என் வீட்டில் கார் நிறுத்த இடமில்லை, தெருவில்தான் விட வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் சொன்னது இங்கிலாந்தை என்றார். அவருக்கு அந்தக் கார் இன்னமும் வெளியூர் போயிருக்கிற கார்தான். அது நம் மலையில் கிடந்த வருடங்கள் இங்கே ஓடிய வருடங்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னையும் யாராவது அப்படிக் கணக்குப் போட்டால் என்ன சொல்வது என்று யோசனை வந்தது. ஸ்க்ரூ பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கார் ஒரு வழியாக முடிந்தது. முடிந்தது என்றால் நம் ஊர் முறையில். ஜீப்புக்கு சீட் தைக்கிறவரே இதற்கும் சீட் தைத்தார். மலை ரோட்டு வளைவுக்கு இந்தக் காரின் ஹாரன் போதாது என்று அண்ணன் ஜீப் ஹாரனைப் பொருத்தினார். கரும்பச்சை வேண்டும் என்று நான் கீத்தின் காரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். கம்பத்தில் கலந்த பெயிண்ட் காய்ந்ததும் தளிர் வாழையிலை நிறத்தில் வந்து நின்றது. "இதுல சோறு போட்டுச் சாப்பிடலாம் போலிருக்கு" என்றார் அண்ணி. எனக்கு அந்த நிறம் பிடித்துப்போய்விட்டது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் வரைக்கும் போய்ப் பூசை போட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் அண்ணன் போனில் சாவகாசமாகச் சொன்னார், "வித்துரலாம்னு இருக்கேன்."

நான் லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். ஏன் விற்க வேண்டும் என்று கேட்டதற்கு அண்ணன் சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. "வெத்தல மடிச்ச மாதிரி மடிஞ்சு உக்கார வேண்டியிருக்கு, இடுப்பு விட்டுப்போகுது. ரெண்டு பேரத்தான் ஏத்தலாம். ரோட்டுல போனா அவனவன் செல்லத் தூக்கிட்டு வாரான். அதுபோக, வேலதான் முடிஞ்சு போச்சுல்ல. ஓடுற வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குத்தியது. வேலை முடிந்துவிட்டால் எனக்கும் அவருக்கும் இடையில் என்ன இருக்கிறது? மழையா, மழைதான், இந்தா அண்ணிட்ட பேசு. எனக்குப் பயமாக இருந்தது.

வாங்க வந்தவர் தாமஸ், கட்டப்பனைப் பக்கத்து ஏலத்தோட்டக்காரர். கூட மாயாண்டி என்ற தரகர். எங்கள் கம்பத்தில் வண்டி விற்கும் முறையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். விற்கிறவன் வண்டியைப் பற்றிப் பேச மாட்டான். வாங்குகிறவர் மரியாதைக்கு "வண்டி எப்படி?" என்று கேட்பார். "நிக்கிது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட வேண்டும். குறையைக் கண்டுபிடிப்பது வாங்குகிறவர் கூட்டிவரும் மெக்கானிக்கின் வேலை. கண்டுபிடித்தால் விலை குறையும், கண்டுபிடிக்காவிட்டால் அது அவர் பாடு. இதில் பொய் எதுவும் இல்லை. விற்கிறவன் வாயைத் திறக்கவே இல்லையே, பொய் எங்கிருந்து வரும்? நானே இரண்டு ஜீப்பை இப்படி விற்றிருக்கிறேன்.

தாமஸ் காரைச் சுற்றி வந்தார். முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. "தம்பி சீமையில இருக்கான். சாமான் பூரா அவன் கொண்டாந்ததுதான்" என்று அண்ணன் என்னைக் காட்டினார். தாமஸ் என் பக்கம் திரும்பி, மரியாதைக்கு, "வண்டி எப்படி?" என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது கியர் கரகரக்கும். இடது கதவு ரப்பர் ஒரு சைஸ் சின்னது, மழையில் ஒழுகும். ஸ்பீடோமீட்டர் முள் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். பின்சக்கரத்தில் ஓர் ஆரக்கம்பி வளைந்திருக்கிறது. ஹாரன் ஜீப்புடையது. புல்வெளியில் மாட்டியிருக்கும் அட்டைபோல வரிசையாக வந்துகொண்டே இருந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மாயாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

தாமஸ் கதவின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். "இத்ரயும் குற்றம் நிங்ஙள் தன்னே பறஞ்ஞால், பறயாத்தது எத்ர காணும்?" நீங்களே இவ்வளவு குறை சொன்னால், சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"ஏலே, நீ விக்க வந்தியா, கெடுக்க வந்தியா?" என்றார் அண்ணன். இங்கிலாந்தில் அப்படித்தான், எல்லாவற்றையும் சொல்லி விற்பார்கள் என்றேன். "அப்ப அங்கன போய் வித்துக்க." அண்ணி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "தம்பிக்கு விக்க மனசில்ல. அதான் குத்தம் குத்தமா எடுத்து வச்சாக" என்றார். நான் இல்லவே இல்லை என்றேன். பழக்கதோஷம்தான் என்று அன்றைக்கு நம்பவும் செய்தேன். அண்ணி சொன்னதில் எவ்வளவு உண்மை என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே தாமஸ் திரும்பி வந்தார். ஆசை விடவில்லை. கூட வந்த குமுளி மெக்கானிக் காலையிலிருந்து காருக்கு அடியில் படுத்துக் கிடந்தார். வெளியே வந்து, நான் சொன்ன குறைகளையே திருப்பிச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. மெக்கானிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தாமஸ் ஒவ்வொரு குறைக்கும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். நான் இந்தமுறை டீ சொல்லப் போய்விட்டேன். வண்டியைக் கொடுப்பதற்கு முன் அண்ணன் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த அம்மன் படத்தைப் பிய்க்காமல் மெதுவாக உரித்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விற்ற வண்டியில் சாமியை விட்டுவிட மாட்டோம். அண்ணி ஈரத்துணியால் பானட்டிலிருந்த குங்குமத்தைத் துடைத்தார். ஜீப் ஹாரனை அடித்துக்கொண்டு அந்தப் பச்சைக் கார் கம்பம்மெட்டு ரோட்டில் ஏறிப் போனது. இரண்டு பேரும் வாசலில் நின்றோம். பக்கத்தில் நின்றதால் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் பழையபடி ஆனது. நான் பயந்த மாதிரியே. "நல்லாருக்கியா?" "மழையா?" மூன்றாவது கேள்விக்கு முன்னால் அண்ணி வந்துவிடுவார். நான் புல்வெளிக்குப் போவதையும் விட்டுவிட்டேன். ஒரு நாள் நான் ஓட்டிய பஸ்ஸில் கீத் ஏறினார். "அவள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். விற்றாகிவிட்டது என்றேன். தன் வீட்டுத் துக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன.

போன ஞாயிறு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மறுபடி போனேன். தூறல். கூட்டம் இல்லை. அந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கெல்லாம் கடைசியில் ஒரு பழைய ஜீப் நின்றது. திறந்த ஜீப், அந்தக் காலத்து ராணுவ மாடல். எங்கள் வீட்டில் நின்றவற்றுக்கு அண்ணன்தம்பி மாதிரி இருந்தது. முன்கண்ணாடியில் விற்பனை அட்டை. யோசிக்காமல் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

"ஏலே, இவன் எப்படி அங்கன வந்தான்? அட்டையில என்ன எழுதியிருக்காக?"

"குறையெல்லாம் எழுதியிருக்குண்ணே."

"வாசி."

"கியர்பாக்ஸ் சத்தம் போடும்."

"பல்லு தேஞ்சிருக்கும். நம்ம பழைய ஜீப்போடது பரண்ல கெடக்கு. இருக்கு. அடுத்து?"

"பிரேக் டிரம் ஒண்ணு விரிசல்."

"இருக்கு. கம்பத்துல எத்தன வேணும் ஒனக்கு?"

"ஸ்டீயரிங் ஆடுதாம்."

"ஆடத்தான் செய்யும். அதுக்கு ஒரு பித்தள புஷ் இருக்கு, நான் கட்டிக் குடுத்து விடுறேன். நீ அடுத்த தடவ வாரப்ப பெட்டிய வெறுமனே கொண்டா."

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது, யாரு, தம்பியா, குடுங்க பேசணும் என்று. "இரு, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றார் அண்ணன்.

தூறல் வலுக்கவே, ஜீப்காரர் குடையோடு ஓடி வந்து என் தலைக்கு மேல் பிடித்தார். வாங்க விருப்பமா என்று கேட்டார். வாங்குவது என் அண்ணன் என்றேன். அண்ணன் எங்கே என்று புல்வெளியைச் சுற்றிப் பார்த்தார். நான் போனைக் காட்டினேன். அவர் சங்கடத்தோடு, இடம் போதாமல் மிச்சக் குறைகளை அட்டையின் பின்பக்கம் எழுதியிருப்பதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நான் அட்டையைத் திருப்பினேன். நெருக்கி நெருக்கி அடிவரைக்கும் எழுதியிருந்தது.

"பின்னாடியும் இருக்குண்ணே. நெறைய."

"வாசி, வாசி" என்றார் அண்ணன்.