இன்னொரு கரண்டி சால்னா

மாலை ஏழு மணிக்கு, தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் உள்ள தன் முதல் பரோட்டாக் கடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் காசிலிங்கம். தெரியாதவர்கள் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். "அண்ணாச்சி, இன்னொரு கரண்டி சால்னா!" என்று ஏதாவது மேசையிலிருந்து குரல் வந்தால் அவர் விரல் ஒன்று மடங்கும்.

வயிற்றுப்புண்ணால் பரோட்டாவைத் தொட்டு ஆறு வருடமாகிறது. காதால்தான் ருசி பார்க்கிறார். "நல்லாருக்குன்னு மரியாதைக்குச் சொல்லுவான் மச்சான். இன்னொரு கரண்டி மரியாதைக்குக் கேக்கமாட்டான்" என்பார் என்னிடம்.

என் சித்தப்பா மகள் செல்லக்கனியைக் கட்டியவர். சாத்தான்குளத்தில் அந்தக் கல்யாணப் பந்திக்கு இலை போட்டவன் நான். அப்போது அவரிடம் ஒரு பரோட்டாக் கல்லும் நாலு பெஞ்சும்தான் இருந்தன. இன்று துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று ஒன்பது நாட்டில் கடை. அத்தனைக்கும் மசாலா போவது மாப்பிள்ளையூரணிக் கொட்டகையிலிருந்து. நாற்பது பெண்கள் வறுத்து அரைக்கிறார்கள். என் மருமகள் உமாராணி அதில் ஒருத்தி. மகன் இறந்த பிறகு பேத்திகள் இரண்டு பேரும் காலேஜுக்குப் போவது அந்தச் சம்பளத்தில்தான். என் வீட்டில் விளக்கேற்றும்போது அவருக்கும் ஒரு கும்பிடு உண்டு.

போன மாதம், வெளிநாட்டுக் கடைகளைப் பார்க்கும் மேனேஜர் சிவப்பிரகாஷ், துபாய் ஆலை ஒன்றில் அரைத்த பொடியோடு வந்தார். "வாசனை அதேதான் சார். இங்க கொட்டகைய மூடிரலாம்." சேதி கேட்டு அன்று கொட்டகையில் ஒருத்தியும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

காசிலிங்கம் முதல் நாள் ஆலைப் பொடியிலும் மறுநாள் நம் பெண்கள் பொடியிலும் சால்னா வைக்கச் சொன்னார். சாப்பிட வந்தவர்களுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் தட்டுகள் வழித்துத் துடைத்தே வந்தன. சிவப்பிரகாஷ் முகம் மலர்ந்தது. ஆனால் காசிலிங்கத்தின் விரல் இரண்டே தடவைதான் மடங்கியிருந்தது. மறுநாள் பத்து விரலும் போதவில்லை.

"ரெண்டாவது கரண்டி கேக்கலன்னா நமக்கு மிச்சம்தான சார்?"

"ஏலே, கேக்காதவன் நாளைக்கு வரமாட்டாம்லே. நான் கடல் தாண்டுனதே இவளுவ கையாலதான்."

விடிந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனார். லண்டனுக்குக் கட்டி வைத்திருந்த மசாலா மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். உமாராணி பதறி ஓடி வந்தாள். "நீ இரு தாயி" என்று அவளை நிறுத்திவிட்டு, சிவப்பிரகாஷிடம் மறுமுனையைக் கண்ணால் காட்டினார். மேனேஜரின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மிளகாய்ச் சிவப்பு அப்பிக்கொள்ள, இருவருமாக அதைத் தூக்கித் துறைமுகம் போகும் லாரியில் ஏற்றினார்கள்.