ஃபேன் போட ஒரு சொல்

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை பார்த்த இளம்பரிதியின் கையிலிருந்து ஸ்பானர் நழுவ ஆரம்பித்தது ஒரு சித்திரையில். ஆவணிக்குள் சட்டைப் பொத்தானைக்கூட அவனால் போட முடியவில்லை. சேலத்து டாக்டர் அவன் மனைவி தேவிப்பிரியாவைத் தனியே கூப்பிட்டார். "தசைக்குப் போற நரம்பு ஒண்ணொண்ணா செத்துட்டே வரும்மா. நிறுத்த மருந்து இல்ல" என்றார். அரூருக்குத் திரும்பும் பஸ்ஸில் கழன்றிருந்த அவன் சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிட்டாள்.

தேவிப்பிரியா ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். எட்டரைக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குத்தான் வீடு. தை மாதம் இளம்பரிதி கட்டிலோடு ஆனான். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் மத்தியானம் வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். மாசியில் ஒருநாள் போகிற போக்கில் பழக்கதோஷத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். தேவிப்பிரியா வந்து பார்த்தபோது மெத்தை வியர்வையில் ஊறியிருந்தது. அவன் உதட்டோரம் ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

"கூப்ட்டன்" என்றான். நாக்கு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. "யாருக்கும் கேக்கல."

அந்த வாரம்தான் அவள் அந்த மென்பொருளைக் கண்டுபிடித்தாள். வீட்டு விளக்கையும் ஃபேனையும் பேச்சால் இயக்கலாம். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, இலவசமாகத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் தயாராகக் கிடைத்ததில் தமிழ்க் கட்டளை இல்லை. மூல நிரலை இறக்கி, தமிழைச் சேர்த்து, முழுவதையும் நாமே பில்டு செய்து, ஓடுகிற மென்பொருளாகக் கட்டிக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற அவள் அதுவரை அப்படி எதையும் செய்ததில்லை.

முதல்நாள் அதற்கு வேண்டிய ஜாவா மொழியின் பதிப்பு பொருந்தவில்லை. பிறகு ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அது இணையத்திலிருந்து இழுத்தது. பாதியில் சிக்னல் போகும். எல்லாம் வந்து சேர்ந்தபின் பழைய லேப்டாப்பில் மெமரி போதாமல் நின்றது. ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்பாக அதே வரி: பில்டு தோல்வி. பள்ளியிலிருந்து வந்ததும் அவனுக்குத் துடைத்துவிட்டு, டீ ஊட்டிவிட்டு, சன்னலோர மேசையில் உட்கார்ந்துவிடுவாள். அது ஒருவழியாக முடிய ஒன்பது வாரம் ஆயிற்று. தான் எழுதிய தமிழ்க் கட்டளைகளை மூல நிரலை எழுதியவர்களுக்கும் அனுப்பிவைத்தாள்.

"சொல்லுங்க. ஃபேன் போடு."

அவன் சொன்னான். திரையில் 'வேணும் ஓடு' என்று வந்தது. மறுபடி சொன்னான். 'மானே போ.' அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு புரையேறி, அவள் அவனைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. மென்பொருளுக்கு அவனுடைய குழறலையே பழக்கிவிடலாம் என்று நிரலுக்குள் புகுந்தாள். அவள் வெளியே வருவதற்குள் வைகாசி பிறந்து, அவன் குரலே போயிருந்தது.

விரல் இருந்தது. ஆட்காட்டி விரலுக்கு அடியில் ஒரு பொத்தான். அதற்குத் தனியாக நிரல் எழுத வேண்டும். அதற்குள் மூல நிரலை எழுதியவர்கள் புதிய பதிப்பில் பாதியை மாற்றியிருந்தார்கள். மறுபடி சிவப்பு வரிகள். ஆடி மூன்றாம் வாரம் அவன் விரலை அழுத்தினான். ஃபேன் சுற்றியது. பதினோரு நாள் சுற்றியது. பன்னிரண்டாம் நாள் விரல் அசையவில்லை.

இனி கேமராவை வைத்துக் கண்ணிமையைப் படிக்கவைக்கலாம் என்று அவள் ஆரம்பித்தாள். அன்று, செய்யட்டுமா என்று கேட்டு எழுத்துகள் எழுதிய அட்டையைக் காட்டினாள். அவள் விரல் சரியான எழுத்துக்கு வந்ததும் அவன் இமைப்பான். வே, ண், டா, ம்.

"வேற என்னங்க வேணும்?"

தி, ரு, ம், பு.

படுத்தே கிடப்பதில் இடுப்பு வலிக்கிறது போல என்று நினைத்தாள். இரண்டு கையாலும் அவனைப் புரட்டி, சுவர் பக்கமாகச் சாய்த்துத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டு மேசைக்குப் போனாள். அரைமணி கழித்து வந்து பார்த்தபோது, சுவரைப் பார்த்தபடி அவன் கண்களிலிருந்து நீர் வழிந்து தலையணை நனைந்திருந்தது. பதறிப்போய் நேராகத் திருப்பிப் படுக்கவைத்து அட்டையை எடுத்தாள்.

நீ, என்று இமைத்தான். பிறகு, எ, ன், ப, க், க, ம்.

மாசியிலிருந்து ஆவணி வரை தினமும் அவன் பார்த்தது அவள் முதுகைத்தான். அவனுக்குக் குரல் இருந்த மாதங்களில் அவள் அவனைச் சொல்லச் சொன்னதெல்லாம் 'ஃபேன் போடு'.

"ஏங்க, நான் உங்களுக்காகத்தானே" என்று ஆரம்பித்தாள். பிறகு எழுந்துபோய் லேப்டாப்பை மூடினாள்.

அதன்பிறகு மேசைக்குப் போகவில்லை. நாற்காலியைக் கட்டிலருகே போட்டு, பள்ளியில் நடந்ததையெல்லாம் சொன்னாள். சில நாள் அவனையே சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஏழு வாரம் போயிற்று. புரட்டாசியில் ஒரு புதன்கிழமை அவள் வகுப்பில் இருந்தபோது அவன் மூச்சு நின்றது. எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. "கஞ்சியோட வந்தன் கண்ணு. கண்ணு தொறந்தாப்ல இருந்துச்சி, பேசிட்டே ஸ்பூன நீட்டிட்டன்" என்று குள்ளம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் அந்த மென்பொருளை எழுதியவர்களிடமிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் எழுதிய தமிழ்க் கட்டளைகளை மூல நிரலில் சேர்த்துக்கொண்டார்களாம். அடுத்த பதிப்பிலிருந்து யாரும் தனியாக பில்டு செய்ய வேண்டியதில்லை என்று நன்றி சொல்லியிருந்தார்கள். அவள் இரண்டு முறை படித்தாள். பள்ளிக்கு நேரமாகியிருந்தது.