மூன்றாவது கேசட்

என் அத்தையின் மூன்று மாத உழைப்பை நான் ஒரே மத்தியானத்தில் அழித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. அழிக்கிறோம் என்பது எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குப் பஸ் கண்டக்டராக இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. செஞ்சியில் டிவி இருந்த வீடுகளே கொஞ்சம். எங்கள் வீட்டில் டிவியோடு ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. நைனாவின் தங்கையான அத்தை, பாண்டிச்சேரியில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்தாள். அங்கே பழசாகி மூலையில் கிடந்த ஒன்றைப் பழகிக்கொள்ளக் கொடுத்திருந்தார்கள். பார்க்க வெறும் எழுத்துக் கட்டைகள்தான். ஒரு ஒயர் டிவிக்குப் போகும், இன்னொன்று டேப்ரிக்கார்டருக்குப் போகும். கரண்ட் போனால் அதற்கு எல்லாமே மறந்துவிடும். செஞ்சியில் கரண்ட் தினமும் போகும். அதனால் அத்தை தட்டியதையெல்லாம் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைப்பாள். மறுநாள் அந்தக் கேசட்டை ஓடவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

அவள் எழுதிய புரோகிராம் பஸ் நேரம் சொல்லும். மண்டகப்பட்டு என்று இங்கிலீஷில் தட்டினால், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று டிவியில் வரும். பஸ் ஸ்டாண்டில் நாள்கணக்காக நின்று நேரங்களைக் குறித்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை சென்டரில் அதை ஓட்டிக் காட்டினால், அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலை. இல்லையென்றால் வந்தவாசி மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் பார்க்க வரச்சொல்லி எழுதிய கடிதத்தை நைனா தபாலில் சேர்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அத்தையும் லேசுப்பட்டவள் இல்லை. கேசட்டின் முதுகில் இரண்டு சின்னக் காதுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. உடைத்திருந்தாள். அது போதாதென்று, கடைத்தெருவில் பாட்டுப் பட்டியல் கொடுத்தால் கேசட்டில் ஏற்றித் தரும் ரிக்கார்டிங் கடையில் கொடுத்து, ஒரு காப்பியும் எடுத்து வைத்திருந்தாள்.

ஆனால் உடைந்த காதில் காகிதத்தைத் திணித்தால் மறுபடியும் பதியும் என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை கேசட்டைப் போட்டுக் கேட்டேன். கீ என்று ஒரே கூச்சல். கெட்டுப்போன கேசட் என்று முடிவுகட்டி, ஒரு பஸ் டிக்கெட்டைச் சுருட்டித் திணித்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

ஞாயிறு காலை அத்தை உட்கார்ந்தாள். டிவியில் ஒன்றும் வரவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேசட்டை ஓடவிட்டாள். வீடு முழுக்க என் குரல் கேட்டது.

"திண்டிவனம், திண்டிவனம்! யோவ் பெருசு, படில நிக்காத, உள்ள போ! ரைட்!"

நைனா வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கற?" என்றாள் அத்தை. அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. "செரி, அதுக்குத்தான காப்பி இருக்குது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு இரண்டாவது கேசட்டைப் போட்டாள். டிவியில் கோடு கோடாக ஓடியது, நின்றது, தப்பு என்றது. ஐந்து தடவை போட்டாள். ஐந்து தடவையும் தப்பு. நைனாவின் கை சட்டைப்பைக்குப் போனதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை என் கையைப் பிடித்துத் தரதரவென்று கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரிக்கார்டிங் கடைக்காரர் இளவயதுக்காரர். ஊரில் எல்லோரிடமும் ஓயாமல் பேசுவார். அத்தையைக் கண்டால் மட்டும் துணியை எடுத்து ஸ்பீக்கரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கும் துடைத்தார்.

"நீங்க எடுத்த காப்பி ஓட மாட்டேங்குதுங்க."

"அப்டி இருக்காதே. ஒரிஜினல்ல ஒரே கீச்சா இருந்துச்சு. உங்களுக்குக் காது வலிக்குமேன்னு ட்ரெபிளைச் சுத்தமா கொறச்சு நல்லா பண்ணித்தான குடுத்தேன்?" என்றார் பெருமையாக.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கீச்சுதாங்க எனக்கு வேணும். அதுலதான் எல்லாம் இருக்குது."

அவர் துணியைக் கீழே வைத்தார். பிறகு தன் மேசை டிராயரைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். "இது மொதல்ல எடுத்தது. இதுல ஒண்ணும் கொறைக்கல."

"இத எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"சும்மாதான்."

படத்தின் பெயர் எழுதும் இடத்தில் அத்தையின் பெயர் எழுதியிருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலு நிமிஷம் வரைக்கும் ஒரே கீச்சா வரும். அப்பறம் குருவி கத்தற மாதிரி விட்டு விட்டு வரும். கடசீல டொக்குன்னு ஒரு சத்தம். அங்க முடிஞ்சிடும்."

வீடு வரும்வரை அத்தை அந்தக் கேசட்டைத் தாவணியில் சுற்றிப் பிடித்திருந்தாள். என்னைத் திட்டக்கூட இல்லை. முதலில் ஒயரை மாட்டாமல் கேசட்டை ஓடவிட்டாள். நாலு நிமிஷத்தில் குருவி கத்தியது. கடைசியில் டொக்கென்றது. ஒயரை மாட்டி மறுபடி ஓடவிட்டதும், எந்த ஊர் என்று டிவி கேட்டது.

நைனாவைத் தட்டச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி மேல்சித்தாமூர் என்று தட்டினார். பத்து நாற்பது என்று வந்தது.

"நேரத்த சொல்லுது, செரி. பஸ் வருமா?" என்றார் நைனா.

அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் வேலையும் கிடைத்தது. நைனா கடிதத்தை அடுப்பில் போட்டார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. கடை நிறையப் பாட்டுக் கேசட் வைத்திருக்கிற மனுஷர், அந்தக் கூச்சல் எங்கே மாறும், எங்கே முடியும் என்று சொல்லுமளவுக்கு அதை எத்தனை தடவை கேட்டிருப்பார்? அவருக்குக் காதில் ஏதோ கோளாறு என்று எனக்குப் பட்டது. எங்களுக்கு உதவினவராயிற்றே என்று சாமியிடம் அவருக்காக வேண்டிக்கொண்டேன். அடுத்த வருஷமே அவரை மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள். கல்யாணத்தன்று மணவறையில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், காது இப்போது பரவாயில்லையா என்று அக்கறையாக விசாரித்தேன்.