மூன்றாவது வளைவுக்கு முன்னால்

போன வருஷம், எங்க தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி ரெண்டு மூணு நாள் போயிருக்கும். மாத்தளை டவுன்ல நான் வேலை செய்ற பைப் வளைக்கிற பட்டறையில நடந்தது. 

என் வேலை என்னான்னு முதல்ல சொல்லிடுறேன். இரும்புப் பைப் எந்த இடத்துல, எவ்வளவு, எந்தப் பக்கம் வளையணும்னு கொம்பியூட்டர்ல வரைவேன். திரையில அதை முன்னால பின்னால சுத்திப் பார்க்கலாம். நான் கொடுக்கிற கணக்கை வச்சுத்தான் கீழே மெசின்ல வளைப்பாங்க. தோட்டத் தொழிலாளி லய வீட்டுல பொறந்த புள்ளைக்கு இப்படி ஒரு வேலைன்னு அம்மாவுக்கு ஒரே பெருமை. “என் மக குந்தின இடத்துலயே பைப்பை வளைக்கிறா”ன்னு மலையில எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிவாங்க.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. காலையிலேயே எல்கடுவப் பக்கம் எங்க தோட்டத்து பெக்டரியில இருந்து அவசரமா போன். தேயிலை காயவைக்கிற டிரையருக்கு நீராவி கொண்டு போற பைப் வெடிச்சுப்போச்சாம். முந்தின நாள் பறிச்ச கொழுந்தெல்லாம் வாட்டப் போட்டபடி கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள டிரையர் ஓடலேன்னா அத்தனையும் குப்பைக்குத்தான் போகும். அதுல எங்கம்மா பறிச்சதும் இருக்கு. இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு, கொட்டுற மழையில அட்டைக்கடி வாங்கிப் பறிச்ச கொழுந்து.

அந்தப் பைப் டிரையருக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு இடுக்குல போகுது. உள்ள கைய விட்டு வெல்டிங் பண்ண முடியாது. புதுசை ஒரே துண்டா வளைச்சுத்தான் மாட்டணும். பழசு துருப்பிடிச்சு இறுகிக் கிடந்ததால முழுசாக் கழட்டிக் கொண்டு வரவும் வழியில்ல. பெக்டரிக்குப் புதுசா வந்த மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் டேப் பிடிச்சு அளவெல்லாம் போன்ல சொன்னார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. பைப் எந்தப் பக்கம் திரும்புதுன்னு காட்ட ஒரு போட்டோவும் அனுப்பினார். சுவர்ப் பக்கமா இருந்து எடுத்தது, விரல் காட்டுற இடத்துல மூணாவது வளைவுன்னார். நானும் அப்படியே வரைஞ்சேன். அளவெல்லாம் கச்சிதமாப் பொருந்துச்சு.

எங்க முதலாளி முஸ்லிம், அண்ணன்ங்கிற மாதிரி நாங்க நானான்னு கூப்பிடுவோம். மூக்கு நுனியில கோபம் இருக்கிற நல்ல மனுஷன். “இந்தத் தடிப்புல ஒரே ஒரு பைப்தான் கிடக்கு தங்கச்சி. பிழைவிட்டா கொழும்புல இருந்துதான் வரணும், விளங்கிச்சா?”ன்னு கேட்டுட்டு, ஜும்மா தொழுகைக்கு முன்ன முடிச்சிடணும்னு வேலையைத் தொடங்க வச்சார்.

கீழே மெசின் ஓட ஆரம்பிச்சிருச்சு. நான் மேல தேத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டே அந்தப் போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். பைப்பைப் பார்க்க இல்ல, பொறாமையில. பைப்பைக் காட்டுற அவர் கையில மஞ்சள் வச்சுக் கட்டின காப்புக் கயிறு இருந்துச்சு. எனக்கு லீவு கிடைக்கல, அந்த வருஷம் என் கை வெறுங்கை.

அப்பத்தான் ஏதோ இடிச்சது. கட்டைவிரல் நிக்கிற பக்கத்தைப் பார்த்தா, அது இடது கை. என் இடது கையை அதே மாதிரி நீட்டித் திரைக்குப் பக்கத்துல பிடிச்சுப் பார்த்தேன். அச்சு அசல் அதேதான். ஆனா ஆம்பளைக்கு வலது கையிலதானே காப்புக் கட்டுவாங்க? பொம்பளைக்குத்தானே இடது கை?

 அந்த இடுக்குல தலை நுழையாது. அதனால போனைப் பைப்புக்குப் பின்னால நீட்டி, திரை தன் பக்கம் தெரியிற மாதிரி, நம்மளை நாமளே எடுத்துக்கிற கெமராவுல எடுத்திருக்கணும். சில போன்ல அப்படி எடுத்தா கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலமா மாறி விழும். அப்படின்னா நான் வரைஞ்சதும் இடம் வலம் மாறினதுதான். முதல் ரெண்டு வளைவு எப்படியும் ஒன்னுதான். மூணாவது எந்தப் பக்கம் திரும்புதோ, அதுலதான் எல்லாமே இருக்கு.

படியில விழுந்தடிச்சு ஓடினேன். ரெண்டாவது வளைவு முடிஞ்சு, மெசின் ஓட்டுற சிங்கள மேஸ்திரி, நாங்க பாஸ்னு கூப்பிடுறவர், மூணாவதுக்குப் பைப்பைத் திருப்பி இறுக்கிட்டார், கை சுவிட்சுக்குப் போகுது. “நவத்தன்ன பாஸ்! நவத்தன்ன!”ன்னு அவர் பாஷையிலேயே நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மனுஷன் திடுக்கிட்டுக் கையை எடுத்துட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் நானாவுக்குக் கோபம் ஏறிடுச்சு. “என்னா தங்கச்சி, ஒரு நூலைப் பார்த்தா பைப் வளைக்கிற?”

மெக்கானிக்குக்குப் போன் போட்டோம், போகல. அங்க மலையில மழை விழுந்தா சிக்னல் செத்துப்போகும். பெக்டரி ஆபீஸ்ல மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. அம்மாவுக்கு எடுத்தேன், அதுவும் போகல. திரும்பத் திரும்பப் போட்டோம். வாசல்ல வேன்காரர் ஹோர்ன் அடிக்கிறார். அங்க கொழுந்து புளிச்சுக்கிட்டு இருக்கும். எனக்கோ ஆயிரம் சந்தேகம். அவர் போன் படத்தைத் திருப்பாத போனா இருந்தா? யாரோ தெரியாம மாத்திக் கட்டியிருந்தா? ஆத்தா, என்னை இப்படி நடுவுல நிறுத்திட்டியேன்னு அழுகையே வந்துருச்சு.

பள்ளிவாசல்ல பாங்கு கேட்டுச்சு. நானா தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டு என் முகத்தையே பார்த்தார். “உனக்கு நிச்சயமா?”

“எங்க பூசாரி ஆம்பளைக்கு இடது கையில கட்டவே மாட்டார் நானா.”

தொப்பியைத் தலையில மாட்டினார். “உன்ட கோயில் விஷயம் உனக்குத்தான் தெரியும். மாத்திக் குடு”ன்னார். அப்புறம் தானே மெசின்கிட்டப் போய் நின்னு, சத்தமா பிஸ்மில்லாஹ் சொன்னார். நான் கணக்குல ஒரே ஒரு கூட்டல் குறியைக் கழித்தலா மாத்தினேன். மெசின் முனகுச்சு, பைப் மறுபக்கம் திரும்பி வளைஞ்சுச்சு. இனி நினைச்சாலும் நிமிர்த்த முடியாது.

பைப்போட நானும் வேன்ல ஏறிட்டேன். அந்த மலை ரோட்டுல ஒவ்வொரு முடக்குக்கும் பைப் உருள, என் நெஞ்சும் கூடவே உருண்டுச்சு.

பெக்டரியில பழைய பைப்பை அறுத்து எடுத்து வச்சிருந்தாங்க. நாலு பேர் புதுசைத் தூக்கி இடுக்குல விட்டாங்க. பாதியில மாட்டிக்கிச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். “கொஞ்சம் தூக்குங்கடா!”ன்னு ஒரு குரல். அப்புறம் இரும்போட இரும்பு உட்கார்ற சத்தம். கண்ணைத் திறந்தா, ரெண்டு முனையிலயும் போல்ட்டு ஓட்டை நேருக்கு நேர் நிக்குது. போல்ட்டை முடுக்கிக்கிட்டு இருந்த மெக்கானிக் அண்ணனோட வலது கையில, எண்ணெய்க் கறுப்புல ஊறிப்போய், அந்தக் காப்பு. எல்லார் முன்னாலயும் விக்கி விக்கி அழுதேன். அவருக்கு ஏன்னே விளங்கல.

டிரையர் ஓட ஆரம்பிச்சப்ப, மழையில நனைஞ்ச அம்மா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, “குந்தின இடத்துல வளைக்கிற வேலைன்னியேடி, இப்படி வெளிறிப்போய் நிக்கிற?”ன்னு சிரிச்சாங்க.

இப்பவும் யாராவது போட்டோ அனுப்பினா, “கையைப் பார்த்தியா தங்கச்சி?”ன்னு நானா கேலி பண்ணுவார். கேலியா இருந்தாலும் நான் பார்க்கத்தான் செய்றேன். திரையில பைப் எவ்வளவு அழகாச் சுத்தினாலும், அதுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் சூட்டுக்குள்ள கையை நீட்டிக்கிட்டு, நான் சரியா வரைவேன்னு நம்பிக் காத்துக்கிட்டு இருக்கார்.