தனம் கால் வைக்காத தட்டு

மெட்ராசுக்கு டி.வி. வந்த வருஷம் அது. டி.வி. வாங்கிய வீட்டு ஜன்னலில் தெருவே தொங்கும். அந்த வருஷம்தான் என் மனைவி தனத்துக்குக் கைகால் விழுந்தது, பேச்சும் போயிற்று. அப்போது அவளுக்கு ஒரு மணி செய்துகொடுத்த ரேடியோ மெக்கானிக் ஜெயபால் வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார் என்று மந்தைவெளியிலிருந்து அவர் மகன் வந்து சொன்னான். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

நான் மயிலாப்பூரில் தச்சன். வீட்டு வாசலிலேயே பட்டறை. ஒருநாள் தலையணை சரிந்து தனத்தின் முகத்தை மூடிவிட்டது. பத்தடி தள்ளி நான் ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க உள்ளே போனதால் பிழைத்தாள். அவள் என்னைக் கூப்பிட ஏதாவது வழி செய்யுங்கள் என்று ஜெயபாலிடம் போய் அழுதேன்.

"இன்னா அசையுது?" என்றார்.

"இடது பாதம், கொஞ்சம். சுவிட்சை அமுக்க பலம் இல்லண்ணே."

"அமுக்கவே வேணாம் நைனா. ரேடியோ கிட்ட கையக் கொண்டுபோனா கொய்னு கத்துதில்ல? ஆளு வந்தா அதுக்குத் தெரியும். அதையே மணியாக்கிடலாம்."

டிரான்சிஸ்டர், பேட்டரி, மணி எல்லாம் அவருடையது. தொடுவதற்கு மெலிசாக ஒரு பித்தளைத் தகடு கேட்டார்; வீட்டிலிருந்த தட்டு ஒன்றைக் கொடுத்தேன். அவர் கை வைத்தால் மணி அடித்தது. நான் வைத்தாலும் அடித்தது. கட்டிலில் பொருத்தினோம். தனம் பாதத்தை வைக்கவில்லை. இருமுறை கழற்றிக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார். பாதமும் போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த முறை வந்தவர் மிஷினைத் தொடவில்லை. தனத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கால்ல உசுரு கீது. அண்ணிதான் தட்டுல படாம கால இழுத்துக்கிறாங்க. இது இன்னா தட்டு?"

"கல்யாணத்துல ஆரத்தி எடுத்த தட்டு."

"அதுல கால் வைப்பாங்களா? உனக்குத்தான் அறிவில்ல, எனக்கு எங்க போச்சு?"

தட்டைத் துடைத்துச் சாமி மாடத்தில் வைத்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, மேலே வேட்டித் துணியைச் சுற்றினார். "வெறும் டின்னு அண்ணி. துணி மேல வெச்சாலே அதுக்குத் தெரியும்."

மணி அடித்தது. இன்னா வேணும் என்று குனிந்தேன். அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

அந்தத் தட்டு வேண்டாம் என்று அவள் காலால் சொல்லிக்கொண்டிருந்தது புருஷன் எனக்குத் தெரியவில்லை; அவருக்குத் தெரிந்தது. அவரை நினைத்தால் எனக்கு மிஞ்சுவது அதுதான். அதற்குப் பிறகு யாராவது பேசாமல் இருந்தால், நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அடுத்த ஆடியில் தனம் போனாள். இப்போது ஜெயபால். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் மிச்சம் கன்னியப்பன் என்கிற நான் மட்டும்தான்.